₹ குறிக்காக கூகுளில் தேடுவதை நிறுத்துங்கள்

லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்க நான் போகும் அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கிறேன்: பில்லில் ₹ வேண்டும் என்றால் பிரவுசரைத் திறந்து, தேடி, ஏதோ ஒரு பக்கத்திலிருந்து காப்பி எடுத்து ஒட்டுகிறார்கள். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள். அப்படி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்துகளும் கூடவே வரலாம். கணக்கு அட்டவணை போடும் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் அப்படியொன்று தொகையோடு ஒட்டிக்கொண்டால், கால்க் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கூட்டலில் அந்தத் தொகை விடுபடும், பிழை என்று ஒரு எச்சரிக்கையும் வராது. டெர்மினலில் இன்னும் மோசம், சிறிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் நீளக் கோடு ஒட்டப்பட்டால் கட்டளையின் பொருளே மாறிவிடும்.

இத்தனைக்கும் எல்லாம் உங்கள் கீபோர்டிலேயே இருக்கிறது. லினக்ஸின் திரைச்சூழல்களில் ஒன்றான க்னோம் உங்களிடம் இருந்தால், அதன் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் 'கம்போஸ் கீ' என்பதை இயக்கி, வலப்பக்க ஆல்ட் போல அதிகம் பயன்படுத்தாத ஒரு விசையை அதற்குக் கொடுங்கள். அப்புறம் அந்த விசையைத் தட்டிவிட்டு, சமக்குறியும் பெரிய ஆர் எழுத்தும் தட்டினால் ₹ வந்துவிடும். சின்ன ஓ இரண்டு முறை தட்டினால் °, ஒன்றும் இரண்டும் தட்டினால் ½. இன்னொரு திரைச்சூழலான கேடிஈயிலும் இந்த வசதி உண்டு, கீபோர்டின் மேம்பட்ட அமைப்புகளில் தேடுங்கள்.

கம்போஸில் இல்லாத எழுத்துக்கு அதன் யூனிகோடு எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள பொதுக் குறியீட்டு எண்) போதும். க்னோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தி, எண்ணை அடித்து, என்டர் தட்டுங்கள். தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் 200சி (200c) மிக முக்கியம், எழுத்துகளை ஒட்டவிடாமல் பிரிக்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. 'ரிக்‌ஷா' என்று எழுத நினைத்தால் 'ரிக்ஷா' என்று எழுத்து ஒட்டிக்கொள்ளுமே, மெய்க்கும் ஷகரத்துக்கும் நடுவில் இதைப் போட்டால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

எமோஜிக்கு, க்னோம் செயலிகள் பலவற்றில் கன்ட்ரோலோடு முற்றுப்புள்ளி. கேடிஈ பிளாஸ்மாவில் 5.18 பதிப்பிலிருந்து மெட்டாவோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) முற்றுப்புள்ளி. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் நோட்டோ கலர் எமோஜி எழுத்துருவை நிறுவுங்கள்.

சரி, இவ்வளவும் கைவந்த பிறகு சிலர் கடவுச்சொல்லிலும் ₹ வைக்கிறார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம். க்னோமில் கம்போஸ் அமைப்பு உங்கள் கணக்குக்குள் நுழைந்த பிறகுதான் வேலை செய்யும், லாகின் திரைக்கு அது தெரியாது. டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் அந்தக் கடவுச்சொல்லைக் கணினி அதற்கும் முன்னாலேயே கேட்கும். அங்கே சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் கைகொடுக்கும். நீளமாக வையுங்கள், போதும்.