ஏழு மாதம் ஏற்றி, மூன்று மாதம் இறக்கி

தசை கட்ட நிறையச் சாப்பிட்டு எடையை ஏற்றுவதையும் (பல்க்கிங்), கொழுப்பைக் கரைக்கச் சாப்பாட்டைக் குறைத்து இறக்குவதையும் (கட்டிங்) ஏன் தனித்தனியாகச் செய்ய வேண்டும், இரண்டையும் சேர்த்தே செய்தால் என்ன? ஜிம்முக்குப் போகத் தொடங்குபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இது. புதியவருக்குப் பதில் சுலபம்: சேர்த்தே செய்யலாம். இதுவரை பாரம் தூக்கிப் பழகாத உடம்பு, இடுப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தால், சாப்பாடு சற்றுக் குறைந்தாலும் தசையைக் கட்டிக்கொள்ளும். பல்க்கிங், கட்டிங் என்ற பேச்சே அவருக்குச் சில மாதங்களுக்குத் தேவையில்லை.

அந்தச் சலுகை நெடுநாள் ஓடாது. அதற்குப் பிறகுதான் வருடத்தைப் பிரிக்கிற கணக்கு வருகிறது. ஆறு மாதம் ஏற்றம், ஆறு மாதம் இறக்கம் என்று சரிபாதியாக வெட்டுவதுதான் பலரும் போடுகிற திட்டம். தசை வளர்கிற வேகமும் கொழுப்புக் கரைகிற வேகமும் ஒன்றாக இருந்தால் அது சரிவரும். ஆனால் அவை ஒன்றல்ல.

70 கிலோ எடையுள்ள, ஓரளவு பயிற்சியில் பழகிய ஒரு பெடியனை எடுத்துக்கொள்வோம். மாதம் 300 கிராம் தசை கூடினால் அவருக்கு அது நல்ல மாதம். தசையில் முக்கால்வாசி தண்ணீர். ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். அப்படியென்றால் 300 கிராம் தசைக்குள் இருக்கும் புரதம் 60 கிராம், நாளொன்றுக்கு 2 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வியர்த்து விறுவிறுத்துப் பாரம் தூக்கிய ஒரு நாளின் நிகர இலாபம் ஒரு முட்டையின் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

பிறகு ஏன் நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் புரதம் சாப்பிடச் சொல்கிறார்கள்? தசை என்பது கட்டி முடித்த பொருள் இல்லை. இரவும் பகலும் பழைய புரதம் உடைந்துகொண்டே இருக்கும், புதியது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். பாரம் தூக்கிய பிறகு ஒரு நாள், இரண்டு நாள் வரைக்கும் கட்டுகிற பக்கம் வேகம் பிடிக்கிறது. அந்த வேகத்துக்கு இரத்தத்தில் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் துண்டுகள், தாராளமாக ஓட வேண்டும். அதில் பெரும்பகுதி எரிந்தே போய்விடும். 2018இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டினால் சராசரியாகப் பெரிய இலாபம் இல்லை என்று கண்டது. 70 கிலோவுக்கு அது 112 கிராம். சூரை மீன் 150 கிராம், முட்டை 3, பருப்பு 50 கிராம், அவித்த கடலை ஒரு கிண்ணம், ஒரு கோப்பைத் தயிர், இவற்றோடு சோறும் இடியப்பமும் தருவதைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடலாம். மீன் இவ்வளவு மலிந்த திருகோணமலையில் இருந்துகொண்டு விலை உயர்ந்த புரத மாவுக்குக் கடன்படுவது எனக்கு விளங்காத சங்கதி.

ஏற்றும் காலத்தில் மேலதிகமாக வேண்டியது நாளுக்கு 250, 300 கலோரிதான். எடை மாதம் 700 கிராம் அளவில் ஏறினால் போதும். இரண்டு மேசன்மார் சுவர் எழுப்பும் வீட்டுக்கு மூன்று லொறி சீமெந்து இறக்கினாலும் சுவர் விரைவாக எழும்பாது. சீமெந்து முற்றத்தில் கிடக்கும். இரவு பத்து மணிக்கு அடிக்கிற இரண்டாவது கொத்து றொட்டியும் அப்படித்தான், முற்றம் என்பது இங்கே வயிறு.

எவ்வளவு கிடக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 16 பேருக்கு எட்டுக் கிழமைகள், நாளுக்கு 1000 கலோரி மேலதிகமாகக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. வித்தியாசத்துக்குக் காரணம் உடற்பயிற்சி அல்ல. சிலர் தங்களை அறியாமலே கூடுதலாக அசைகிறார்கள்: காலை ஆட்டுகிறார்கள், எழும்பி நடக்கிறார்கள். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்று வீட்டில் சொல்லப்படுகிற ஆட்களின் இரகசியத்தில் பாதி இது.

இனி இறக்கம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 குறைத்தால் கிழமைக்கு 450 கிராம். தசைக்கு ஒரு மாதத்தில் கிடைப்பதைவிட இது கூட. ஆகையால் இறக்கும் காலம் சிறியதாகவே இருக்கலாம். அவசரப்பட்டு 1000, 1200 குறைத்தால் உடம்பு கட்டுகிற வேலையைத்தான் முதலில் சுருக்கும். 2011இல் நோர்வே விளையாட்டு வீரர்களிடம் செய்த ஆய்வில், கிழமைக்கு எடையில் 0.7 சதவீதம் குறைத்தவர்கள் இளைத்துக்கொண்டே கொஞ்சம் தசையும் கூட்டினார்கள். 1.4 சதவீதம் என்று ஓடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே இறக்கும்போதும் பாரம் குறையக்கூடாது, மீனும் குறையக்கூடாது. கை வைக்க வேண்டிய இடம் தேங்காய். துருவிய தேங்காய் 100 கிராமில் சுமார் 350 கலோரி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120. பொரியலைப் புளி விட்ட குழம்பாக மாற்றி, சொதிக்கு முதற்பாலை நிறுத்தி, தேத்தண்ணிச் சீனியையும் பாதியாக்கினால் 500இல் பெரும்பகுதி போய்விடும். சம்பல் இல்லாத இடியப்பம் இடியப்பமா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

கொழுப்பு வியர்வையாக வடிவதும் இல்லை. அது எரியும்போது பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில் போகிறது: 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ அப்படி, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராக. வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறவர் அந்தக் கோட்டால் கூடுதலாக இழப்பது வியர்வைத் தண்ணீரைத்தான், கொழுப்பை அல்ல. திருகோணமலை வெயிலுக்கு அது ஆபத்தான விளையாட்டும்கூட.

சரி, இதைக் கலண்டரில் எங்கே வைப்பது? நம் ஊரின் காற்றே வழி காட்டுகிறது. ஒக்டோபரில் மழை பிடித்து நவம்பர், டிசெம்பரில் கொட்டும். உடம்பு குளிர்ந்தால் பசி கூடும். தீபாவளி, நத்தார், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு எல்லாம் அந்த ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான ஏழு மாதத்துக்குள்தான் வருகின்றன. ஊரே பலகாரம் சுடும் நாளில் கலோரி குறைக்கப் போவது வீண் வீம்பு. மே பிறந்தால் வெக்கை, அதோடு கச்சான் என்ற தென்மேற்குக் காற்று. வெக்கையில் பசி தானாகவே குறையும். ஆகவே மேயில் தொடங்கி பதினொன்று, பன்னிரண்டு கிழமைகள் இறக்கம். ஓகஸ்ட், செப்டெம்பரில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, எடையை அப்படியே பிடித்து வைத்தல். நோன்பு பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை வருடாவருடம் சரிசெய்ய வேண்டும், ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது.

தராசைப் பார்த்து மிரளாமல் இருக்க ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். தசையில் 400 கிராம் அளவுக்குக் கிளைகோஜன் என்ற மாச்சத்து சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தால் ஒன்றரைக் கிலோ குறைந்ததாகத் தராசு காட்டும். அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். பாரணை முடித்து இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும், ஏழு மாதத் திட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. கருவாட்டுக் கறி தின்ற மறுநாள் உப்பு இதைத் தலைகீழாகச் செய்யும். காலையில் ஒன்றுக்குப் போய் வந்து எடை பார்த்து, ஒரு கிழமையின் சராசரியை அடுத்த கிழமையின் சராசரியோடு ஒப்பிடுவதுதான் முறை. பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் ஒரே நாளை மாதத்துக்கு மாதம் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் நீரின் ஏற்ற இறக்கம் ஏமாற்றிவிடும்.

எல்லாம் கணக்குப்படி நடந்தால் நம் பெடியன் ஏப்ரல் முடிவில் 75 கிலோவில் நிற்பார். ஓகஸ்டுக்குள் மறுபடி 70. வருடம் முழுக்கப் பாடுபட்டு அதே 70 கிலோ! ஆனால் உள்ளே 2 கிலோ தசை ஏறி, ஏறக்குறைய அதே அளவு கொழுப்பு இறங்கியிருக்கும். கால்சட்டை இடுப்பில் தளர்ந்து, சட்டை தோளில் இறுகும்.

எடையைப் பிடித்து வைக்கும் அந்த இரண்டு மாதத்தை வீணென்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் நவம்பரில் அளவில்லாமல் ஊதுகிறார்கள். கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹோர்மோன், 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது, உடம்பு இளைக்கும்போது இறங்கிவிடும். மூளை அதைப் பஞ்சம் என்று வாசித்துப் பசியை ஏற்றும், அசைவைக் குறைக்கும். அந்த நிலையில் ஏற்றத்தைத் தொடங்கினால் 300 கலோரி என்ற எல்லைக்குள் கை நிற்காது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் இதில் எதையும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரண்டாவது வருடத்தில் தசை கூடும் வேகம் இன்னும் குறையும், அப்போது மாதம் 700 கிராம் ஏற்றம் என்பதே அதிகம். 400 போதும், மேலதிகக் கலோரியையும் அதற்கேற்ப 150 அளவில் வைத்துக்கொள்ளலாம்.