எந்த வெப்பநிலை? கடல் தரவுகளில் மாறிகளுக்குப் பெயரிடும் முறை

உலகின் பெருங்கடல்களில் மிதந்து நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து அனுப்பும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகளின் கோப்புகளில், வெப்பநிலைக்கான மாறியின், அதாவது அந்த அளவின் மதிப்புகளைத் தாங்கும் பகுதியின், பெயர் 'டெம்ப்'. காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் கோப்புகளிலோ 'தீட்டாவோ' என்ற மாறி இருக்கும். இரண்டும் வெப்பநிலைதானே என்று ஒன்றோடொன்று கழித்துப் பார்ப்பவர், ஆழ்கடலில் இல்லாத ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆழத்தில் அழுத்தத்தால் நெருக்கப்படும் நீர் சற்றே வெப்பமடைகிறது. அந்த நீரை வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் என்ன வெப்பநிலை இருக்குமோ, அதுவே பொட்டென்ஷியல் வெப்பநிலை. 'தீட்டாவோ' குறிப்பது இதைத்தான். மரியானா அகழியின் அடியில் வெப்பமானி சுமார் 2.5 டிகிரி செல்சியஸ் காட்டும். அதே நீரின் பொட்டென்ஷியல் வெப்பநிலை சுமார் 1 டிகிரி மட்டுமே.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே 2003இல் முதல் பதிப்பாக வெளிவந்த சி.எஃப். மரபுகள் (காலநிலை, வானிலைத் தரவுக் கோப்புகளை எழுதுவதற்கான பொது விதிகள்), அளவுகளின் பெயர்களுக்கு ஒரு பொது அட்டவணையை வைத்திருக்கின்றன. மாறிக்கு அவரவர் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ள இம்மரபுகள் தடை சொல்வதில்லை என்பதே இவற்றின் சிறப்பு என்பேன். இத்தகைய தரவுகளைச் சேமிக்கும் வடிவமான நெட்சிடிஎஃப் கோப்பில் ஒவ்வொரு மாறியுடனும் சில பண்புகளை எழுதி வைக்கலாம். அவற்றுள் ஒன்றான 'ஸ்டாண்டர்டு நேம்' என்ற பண்பில் அட்டவணையில் உள்ள பெயரை அப்படியே இடவேண்டும். 'டெம்ப்' மாறிக்கு அது 'சீ_வாட்டர்_டெம்பரேச்சர்', 'தீட்டாவோ'வுக்கு 'சீ_வாட்டர்_பொட்டென்ஷியல்_டெம்பரேச்சர்'. மென்பொருள் அந்தப் பண்பைப் படித்தே எதை எதனுடன் ஒப்பிடலாம் என்று முடிவு செய்கிறது. அட்டவணையில் வெப்பநிலையின் அலகு கெல்வின். ஆயினும் கோப்பில் செல்சியஸ் இருக்கலாம், ஏனெனில் அலகு தனிப் பண்பாக எழுதப்படுவதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள முடியும்.

உப்புத்தன்மையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மின்கடத்துதிறனிலிருந்து கணக்கிடப்படும் நடைமுறை உப்புத்தன்மைக்கு அலகே கிடையாது. கடல்நீரின் பண்புகளைக் கணக்கிடுவதற்காக 2010இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச முறையான டியோஸ்-10இன் தனி உப்புத்தன்மையோ ஒரு கிலோகிராம் கடல்நீருக்கு இத்தனை கிராம் உப்பு என்று அளக்கப்படுவது. முதல் அளவீட்டில் 35 என்பது இரண்டாவதில் ஏறத்தாழ 35.17, கடலின் மாற்றங்களை 0.01 என்ற அளவு வரை துல்லியமாகத் தேடுவோருக்கு இது பெரிய இடைவெளி. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. எந்தத் துல்லியமான வரையறைக்கும் பொருந்தாத தரவுகளுக்கென 'சீ_வாட்டர்_சலினிட்டி' என்ற பொதுப்பெயரும் நிலைத்திருக்கிறது.

எந்தக் கருவியால் அளந்தார்கள் என்பதை இப்பெயர்கள் சொல்லமாட்டா. அதற்கு பிரித்தானியப் பெருங்கடல் தரவு மையத்தின் பி01 சொற்தொகுதி இருக்கிறது. அதன் எட்டெழுத்துக் குறியீடுகள் அளந்த முறையையும் சேர்த்தே குறிக்க வல்லவை.

திசையிலும் இதே கவனம் வேண்டும். தென்றல், வாடை என்று காற்றை அது வரும் திசையால் அழைப்பது நம் வழக்கம். வானிலையாளர் வழக்கமும் அதுவே. கடல் நீரோட்டத்தையோ அது போகும் திசையால் குறிக்கிறார்கள். முன்பு நீரோட்டத் திசைக்கான பெயரில் இது வெளிப்படையாக இல்லை. இப்போதைய பெயரில் 'டு_டைரக்‌ஷன்' என்றே இருக்கிறது. பழைய பெயரோ அழிக்கப்படாமல் புதியதன் மாற்றுப்பெயராக அட்டவணையிலேயே தொடர்வதால், அன்று எழுதப்பட்ட கோப்புகளை இன்றைய மென்பொருளும் அதே பொருளில் படிக்கிறது.