லினக்ஸுக்குப் போனதும் சரங்கள் ஏன் உடைகின்றன?

விண்டோஸில் ஒழுங்காக ஓடிய சி பிளஸ் பிளஸ் நிரலை லினக்ஸில் கம்பைல் செய்கிறீர்கள், ஒரு எரர்கூட இல்லை, ஆனால் விண்டோஸில் சேமித்த ஃபைலைத் திறந்தால் சரங்களில் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வரிசை) எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டுக்கு மேல் இடம் ஒதுக்கும் வைட் கேரக்டர் வகையைத்தான், அதாவது டபிள்யூசார்_டி.

சி பிளஸ் பிளஸ் மொழியின் தரநிலை இதற்குப் பெயர் வைத்ததே தவிர, இத்தனை பைட் என்று சொல்லவில்லை. விண்டோஸில் 2 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் வழக்கமாக 4. அங்கே 2 பைட்டாக எழுதியதை இங்கே 4 பைட்டாகப் படித்தால் குப்பைதான் வரும். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் ஜிசிசி கம்பைலரே விண்டோஸுக்காக வேலை செய்யும்போது 2 பைட்தான் எடுத்துக்கொள்ளும்.

ஏன் இப்படி? 1991-இல், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் வந்தபோது, உலக எழுத்துகளுக்கு 16 பிட், அதாவது 65,536 இடம் போதும் என்று நினைத்தார்கள். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி அதை நம்பி 2 பைட்டில் கட்டப்பட்டது. 1996-இல் யூனிகோட் 2.0 அந்த எல்லையைத் தாண்டியது. அப்புறம் விண்டோஸுக்கு இருந்த ஒரே வழி, எல்லைக்கு வெளியே உள்ள குறியை இரண்டு 16 பிட் துண்டுகளாக எழுதும் யூடிஎஃப்-16 முறை.

தமிழில் சோதித்துப் பார்ப்பவர்களை இது எளிதில் ஏமாற்றும். நாம் அன்றாடம் எழுதும் எழுத்துகள் எல்லாம் 2 பைட்டுக்குள் அடங்குவதால் நீளம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வரும். ஆனால் 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்த பழைய பின்னக் குறிகள் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. 1/320-ஐக் குறிக்கும் முந்திரிக் குறி ஒன்றை மட்டும் கொடுத்து நீளம் கேட்டால் விண்டோஸ் 2 என்று சொல்லும், லினக்ஸ் 1 என்று சொல்லும். சரத்தை எண்ணி வெட்டுகிற நிரல் விண்டோஸில் குறியின் நடுவிலேயே வெட்டிவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் பழைய பதிப்புகளில் டபிள்யூசார்_டி தனி வகைகூட இல்லை, 'அன்சைன்டு ஷார்ட்' என்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். விஷுவல் ஸ்டுடியோ 2005-இலிருந்து இயல்பாகவே தனி வகையானது. பழைய லைப்ரரியைப் புதிய நிரலோடு இணைத்தால் லிங்கர் எரர் (துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கட்டத்தில் வரும் பிழை) வருவது இதனால்தான்.

என் கருத்தில் நிரலுக்குள்ளே எல்லாம் யூடிஎஃப்-8 ஆக (ஒரு குறியை 1 முதல் 4 பைட்டில் எழுதும் முறை) வைத்துக்கொண்டு, விண்டோஸ் ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் மட்டும் மாற்றுவதே நல்லது. 16 பிட் கட்டாயம் வேண்டுமென்றால் 2011 தரநிலையில் வந்த சார்16_டி என்ற வகை இருக்கிறது. ஜிசிசி-யில் 'ஷார்ட் டபிள்யூசார்' என்ற ஆப்ஷனைப் போட்டு 2 பைட்டாக்கும் குறுக்கு வழியை மட்டும் நம்பாதீர்கள்: லினக்ஸின் சி லைப்ரரி 4 பைட் கணக்கில் கட்டப்பட்டது, உங்கள் சரத்தை அதனிடம் கொடுத்தால் இரண்டு எழுத்தை ஒன்றாகப் படித்துக்கொண்டே சரத்தின் முடிவைத் தாண்டிப் போய்விடும்.