ஒரே மான், ரெண்டு படம்: எடிட்டர் எப்பிடி எங்களைச் சிரிக்கவும் பயப்படவும் வைக்கிறார்

காட்டு விலங்கு டொக்கியுமென்டரி எடிட் பண்ணின ஆள் பிறகு கொமடிப் படத்துக்குப் போனா கனபேர் ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்கினம். எனக்கு ரெண்டும் ஒரே தொழிலாத்தான் தெரியுது, ஏனெண்டா ரெண்டிலயும் பாக்கிறவரை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது எண்டதுதான் எடிட்டர்ட முழு வேலையும்.

திருகோணமலைக் கோட்டைக்குள்ள நிக்கிற புள்ளிமானை எடுங்கோ. மேய்ஞ்சுகொண்டு நிண்டது டக்கெண்டு தலையைத் தூக்கிப் பாக்குது, அவ்வளவுதான் ஷொட். அதுக்குப் பின்னால வில்பத்துக் காட்டில எடுத்த சிறுத்தையை ஒட்டினா நெஞ்சு பக்கெண்டும், கையில பணிஸோட நிக்கிற பொடியனை ஒட்டினா சிரிப்பு வரும், மான்ட மூஞ்சி என்னவோ அதேதான். ரஷ்யாவில லெவ் குலெஷோவ் எண்டவர் நூறு வருசத்துக்கு முதலே ஒரு நடிகர்ட ஒரே முகத்தை சூப்புக் கோப்பையோடயும் சவப்பெட்டியோடயும் மாத்தி மாத்தி ஒட்டி இதைக் காட்டினவர். ரெண்டு படத்தை அடுத்தடுத்துக் கண்டா மூளை இடையில ஒரு காரணத்தைத் தானாவே போட்டுக்கொள்ளும். அதாலதான் சொல்றன், கொமடியில இது விளையாட்டு, ஆனா இயற்கைப் படத்தில அந்தச் சிறுத்தையை ஒட்டி இது நடந்தது எண்டு சொல்றது பொய், அதைப் பாத்துத்தானே பிள்ளைகள் படிக்குதுகள்.

எங்கட டிவிக்கு செக்கனுக்கு 25 ப்ரேம், அதாவது 25 தனித்தனிப் படம், அப்ப ஒரு ப்ரேம் 40 மில்லிசெக்கன். மான் தலையைத் தூக்கின பிறகும் இன்னும் 50 ப்ரேம் அதிலயே நிண்டா பயம் ஏறும். கொமடியில பொடியன்ட முகத்துக்கு 5 ப்ரேம் முந்திப் போனாலே பகிடி செத்துடும், பாக்கிறவர் விசயத்தைப் பிடிக்க முதல் விடையைக் காட்டியாச்சு, பிந்தினா அவர் தானே கண்டுபிடிச்சு முடிச்சிருப்பார்.

எனக்கு மிச்சம் பிடிச்சது சத்தம்தான். எங்கட திருகோணமலைத் துறைமுக வாயிலயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறதால நீலத்திமிங்கிலம் கரைக்குக் கிட்டவே வரும். போட்டில 680 மீற்றர் தள்ளி நிண்டு எடுத்தா, காத்தில சத்தம் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர்தான் போகும், அப்ப அது ஊதுறதைக் கண்டு ரெண்டு செக்கனுக்குப் பிறகுதான் புஸ்ஸெண்டு கேக்கும். அப்பிடியே விட்டா படம் பிழை மாதிரித் தெரியும், லென்ஸ் கண்ணைக் கிட்டக் கொண்டுபோயிட்டுது, காது மட்டும் போட்டிலயே நிக்குது, அதால எடிட்டர் சத்தத்தை 50 ப்ரேம் முன்னுக்கு இழுப்பார். கனதரம் எஞ்சின் சத்தத்தையும் காத்தையும் தவிர ஒண்டும் பதிஞ்சிருக்காது, அப்ப ஸ்டூடியோவில செஞ்சுதான் போடோணும்.

திமிங்கிலம் முங்கினா பத்து நிமிசமளவில வெறும் கடல்தான், அந்த வெறுங்கடலைச் சனம் விடாமப் பாக்கிற மாதிரி வெட்டிப் பழகின ஆளுக்கு கொமடியில ஆள் விழுறதைக் காட்டாம, தடாரெண்ட சத்தத்தை மட்டும் விட்டுட்டு பக்கத்தில நிக்கிறவர்ட முகத்திலயே எவ்வளவு நேரம் நிக்கலாம் எண்டு நல்லாவே தெரிஞ்சிருக்கும்.