லத்தீன் இரண்டாம் வருடம்: மார்க் ஏன் சரிகிறது?

பிரிட்டனில் படிக்கும் பேரப்பிள்ளைகள் லீவுக்குக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளுக்கு வரும்போது சிலர் பெட்டியில் லத்தீன் புத்தகமும் வருகிறது. முதல் வருடம் நன்றாகப் படித்த பிள்ளை அடுத்த வருடம் தடுமாறினால் 'விளையாட்டுப் புத்தி' என்று திட்டு விழுகிறது. பெரும்பாலும் காரணம் அதுவல்ல. முதல் வருடம் கைகொடுத்த குறுக்குவழி அடைபட்டுப் போகிறது.

குறுக்குவழி என்பது ஊகம்தான். 'கனெம் புவெர் விதெத்' என்ற வரியில் நாய், பையன், பார்ப்பது மூன்றும் பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலப் பழக்கத்தில் முதலில் நிற்பதை எழுவாயாக்கி 'நாய் பையனைப் பார்க்கிறது' என்று எழுதிவிடும். கனெம் என்பதன் கடைசி 'எம்'தான் நம் 'ஐ'. 'நாயைப் பையன் பார்க்கிறான்.' அதே வரிசை, தமிழில் குழப்பமே இல்லை. வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி, அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இரு மொழிக்கும் பழக்கம் பழசு. நம் பிள்ளைகள்தான் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு. பிறகு ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் தலைக்கு மேலும் ஐ, கு, உடைய, ஆல் என்று உருபு. அதற்கப்புறம்தான் அகராதி. நாளுக்கு எட்டு வரி, இருபது நிமிஷம் போதும். 'புவெல்லே' போன்ற சொல்லில் நிதானம் வேண்டும்: பெண்ணுடைய, பெண்ணுக்கு, பெண்கள் மூன்றுக்கும் ஒரே வடிவம். வினை ஒருமையா பன்மையா என்பதையும் பக்கத்துச் சொற்களையும் பார்த்துதான் முடிவு. ஆறாவதாகச் சொல்லிக்கொடுக்கும் 'அப்ளேட்டிவ்' என்ற வேற்றுமை இன்னும் வில்லங்கம். ஆல், ஓடு, இல், இருந்து எல்லாம் அதற்குள் அடக்கம்.

இந்த அப்ளேட்டிவில் பெரிய பிள்ளைகளும் சறுக்குமிடம் 'உர்பெ கப்தா, மீலிதேஸ் திஸ்கெஸ்ஸேருந்த்'. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்று சொல்வோமே, அதே அச்சு: நகரம் பிடிபட, வீரர்கள் கிளம்பிப் போனார்கள்.

'தொமுஸ் குவம் ஏமீ மக்ன எஸ்த்' வரும்போது மட்டும் 'நான் வாங்கிய வீடு பெரியது' என்று உடனே தாவக் கூடாது. 'எந்த வீட்டை வாங்கினேனோ அந்த வீடு பெரியது' என்று விரியுங்கள். 'குவம்' ஏன் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது என்பது அந்த 'வீட்டை'யில் தெரிந்துவிடும். பால் மட்டும் தமிழோடு ஒத்துவராது. லத்தீனில் வீடும் மேசையும் பெண்பால், மனப்பாடம்தான்.

வினைச்சொல்லை நான்கு வடிவமாகவே படிக்கவேண்டும்: ஃபெரோ (சுமக்கிறேன்), ஃபெர்ரெ, துலீ (சுமந்தேன்), லாதும். முதல் வடிவம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு 'துலீ' வேறு சொல்லாகவே தோன்றும்.

லத்தீன் ஓர் எழுத்தும் தெரியாத அப்பத்தாவும் வளவில் உட்கார்ந்து உதவலாம். யாரை? யாருக்கு? எதால்? என்று கேட்டால் போதும். பிள்ளை விகுதியைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லவேண்டும். 'தோராயமா அப்படித்தான் வரும்' என்றால் அந்த வரி மறுபடி.