ஊர் வளர வளர தெருக்கள் ஏன் முட்டிக்கொண்டு நிற்கின்றன?

சென்னைக்குத் தெற்கே நாவலூரிலிருந்து கானத்தூருக்குக் காரில் போகணும் என்றால், வரைபடத்தில் இரண்டும் பக்கத்து ஊர்கள்தான், ஆனால் நடுவில் பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது, அதனால் வடக்கே சோழிங்கநல்லூர் வரை ஏறி அக்கரை வழியாகத் திரும்பி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்ற வேண்டும். நாவலூர் வழியாகப் போகும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அகலமான சாலைதான். இணைப்புதான் இல்லை.

இணைப்பை எப்படி அளப்பது? ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெரு சேர்கிறது என்று எண்ணினால் போதும். முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. இதன் சராசரி ஏற ஏற இணைப்பு நல்லது. கட்டம் கட்டமாகப் போட்ட ஊரில் வரிசைக்கு 10 வீதம் 10 வரிசை சந்திப்புகள் இருந்தால், அந்த 100 சந்திப்புகளுக்கு நடுவே 180 தெருத்துண்டுகள் இருக்கும். அதே 100 இடங்களை மரக்கிளை மாதிரி பிரித்தால் 99 துண்டே போதும். செலவு குறைவுதான், ஆனால் குழாய் பதிக்க எந்தத் துண்டைத் தோண்டினாலும் அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு வழியே கிடையாது.

1920களில் பனகல் பூங்காவைச் சுற்றி வளர்ந்த தி.நகரும், பிறகு வீட்டுவசதி வாரியம் போட்ட அண்ணா நகரும் மொத்தமாகத் திட்டமிட்டவை. இப்போது புறநகரில் ஒருவர் வயலை வாங்கி மனை போடுகிறார், மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு, கடைசி மனையோடு காம்பவுண்டு சுவர். சில வருடம் கழித்துப் பக்கத்து வயலும் மனையாகும்போது அந்தத் தெருவும் வந்து அதே சுவரில் முட்டுகிறது. பழைய பகுதிகள் அப்படியே இருந்தாலும் ஊரின் சராசரி இறங்கிவிடும். வீடுகள் வந்தபின் நடுவில் தெரு வெட்டுவது லேசில் நடக்காது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வந்து, 1994 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் ஏற ஆரம்பித்ததாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2009இல் வர்ஜீனியா மாநிலம், அக்கம்பக்கத்தோடு இணையாத புதுக் குடியிருப்புத் தெருக்களைப் பராமரிக்க மாட்டோம் என்றே விதி கொண்டுவந்தது.

நம்மூரிலும் மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஒரு தெருவாவது பக்கத்து நிலத்தின் எல்லை வரை சுவரில்லாமல் போக வேண்டும் என்று அந்தக் கட்டத்திலேயே கண்டிப்பாகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.