பழைய கேமிங் லேப்டாப் ஏன் இப்படி இரைகிறது?

விளையாட்டு எதுவும் ஓடவில்லை. ஓர் எக்செல் கோப்பும் நாலைந்து பிரவுசர் டேப்களும்தான் திறந்திருக்கின்றன. ஆனாலும் ஏழெட்டு வருடப் பழைய கேமிங் லேப்டாப் சட்னி அரைக்கும் மிக்ஸி போல இரைகிறது. உடனே பலர் விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரைப் பிடுங்கி வைப்பது போலத்தான் அது; பெரிய பயன் இல்லை. செயலியின் (பிராசஸர்) வெப்பநிலையைப் பார்த்து, மதர்போர்டிலுள்ள ஒரு சிறிய கட்டுப்பாட்டு சிப் சொல்கிற வேகத்தில்தான் விசிறி சுற்றுகிறது. வெப்பத்தை அப்படியே விட்டுவிட்டு விசிறியை மட்டும் அடக்கினால், செயலி 100 டிகிரி செல்சியஸை நெருங்கித் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும்.

2018 ஏப்ரலில் வந்த இன்டெல் கோர் ஐ7-8750எச் செயலியை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் கேமிங் லேப்டாப்களில் பரவலாக இருந்தது இதுதான். ஆறு கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), அடிப்படை வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது தேவைப்படும்போது தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் முறையில், ஒரு கோர் 4.1 வரை போகும். இன்டெல் குறிப்பிடும் 45 வாட் என்ற கணக்கு அடிப்படை வேகத்துக்கானது. டர்போ தொடங்கியதும் கொஞ்ச நேரத்துக்கு அதை வெகுவாகத் தாண்டிப் போக அனுமதி உண்டு. எத்தனை வாட், எத்தனை விநாடி என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். கேமிங் லேப்டாப் என்றால் அவர் தாராளமாகவே அனுமதிப்பார். வேகச் சோதனைகளின் மதிப்பெண் பட்டியல்களில் முந்த வேண்டுமே!

இந்தத் தாராளத்தின் விலை அதிகம். டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும்போது செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் உயர்கிறது. வேகம் கூடக்கூட மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. 3.9 கிகாஹெர்ட்ஸுக்கு 1.2 வோல்ட், 2.2 கிகாஹெர்ட்ஸுக்கு 0.9 வோல்ட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், வேகம் ஏறத்தாழ 56 சதவீதமாகக் குறையும்போது மின்திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுகிறது. அடிப்படைக்கு மேலுள்ள அந்த 1.7 கிகாஹெர்ட்ஸுக்காகத்தான் இவ்வளவு வெப்பமும்.

எக்செல்லுக்கு இது எதற்கு என்றால், எதற்கும் இல்லை. ஒரு டேப்பைத் திறந்தவுடன் செயலி அரை விநாடிக்கு உச்சத்துக்குத் தாவுகிறது. சிப்பின் பரப்பு நகத்தளவு என்பதால் வெப்பநிலை அந்த நொடியே இருபது முப்பது டிகிரி எகிறுகிறது. விசிறி விழித்துக்கொள்கிறது, வேலை முடிந்த பிறகும் சிறிது நேரம் சுற்றிவிட்டுத்தான் அடங்குகிறது. அதற்குள் அடுத்த டேப்.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், மேம்பட்ட அமைப்புகளில் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' என்ற இடத்தில் 100 சதவீதத்தை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தான். ஆனால் இந்தத் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் டர்போ முழுவதுமாக மூடிக்கொள்ளும். செயலி அடிப்படை வேகத்திலேயே நிற்கும். டைப் செய்வதும் வீடியோ பார்ப்பதும் கொஞ்சமும் மாறியதாகத் தெரியாது. லினக்ஸில் இன்டெல் பி-ஸ்டேட் (intel_pstate) அடைவிலுள்ள 'நோ டர்போ' (no_turbo) கோப்பில் 1 என்று எழுதினால் அதே பலன்.

விளையாடும்போது 2.2 போதாது, அங்கே இந்த மருந்து கொஞ்சம் கடுமைதான். அதற்கு நான் பரிந்துரைப்பது 'மேக்சிமம் பிராசஸர் ஃப்ரீக்வென்சி' என்ற மறைந்திருக்கும் அமைப்பு. விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையால் அதை வெளியே கொண்டுவந்து, மெகாஹெர்ட்ஸில் 3000 என்று உச்சவரம்பு வைக்கலாம். இரண்டு பவர் திட்டங்களை உண்டாக்கி, வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது வசதி.

பலர் குழம்புவது இங்கேதான். விண்டோஸின் பவர் மோட் வேறு, தயாரிப்பாளரின் சைலண்ட், பேலன்ஸ்டு, டர்போ பொத்தான்கள் வேறு. முன்னது எவ்வளவு ஆவலோடு வேகத்தைக் கூட்டலாம் என்று செயலிக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. பின்னது ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வரை போய் வாட் வரம்பையும் விசிறியின் வேக அட்டவணையையும் மாற்றுகிறது. இரண்டும் முரண்பட்டால் விளைவு கணிக்க முடியாததாகிவிடும். முதலில் தயாரிப்பாளரின் மோடை நடுவில் வைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

கிராபிக்ஸ் சிப்பையும் கவனிக்க வேண்டும். தேவையைப் பொறுத்து இரண்டு கிராபிக்ஸ் சிப்களுக்கிடையே மாறும் என்விடியா ஆப்டிமஸ் உள்ள லேப்டாப்களில் சாதாரண வேலைகளின்போது தனி கிராபிக்ஸ் சிப் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். பல கேமிங் மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேராக அந்த சிப்போடு இணைக்கப்பட்டிருப்பதால், வெளியே ஒரு மானிட்டரைச் செருகியதுமே அது விழித்துவிடும். விளையாட்டில் பிரேம் வரம்பை, அதாவது விநாடிக்கு வரையும் படங்களின் உச்ச எண்ணிக்கையை, 60 என்று வைப்பது கைமேல் பலன் தரும். 60 ஹெர்ட்ஸ் திரை காட்ட முடியாத பிரேம்களை வரைந்து வரைந்து சிப் சூடாவது வீண்.

இதையெல்லாம் செய்தும் வெப்பநிலை இறங்கவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் நேரம். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் காற்று வெளியேறும் செப்புத் தகடுகள் பளிச்சென்றே இருக்கும்; ஏமாறாதீர்கள். தூசி தங்குவது உள்பக்கம், விசிறியின் வாய்க்கும் தகடுகளுக்கும் நடுவே. விசிறியைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில், தடித்த கம்பளித் துண்டு போல அது ஒரே பட்டையாக உரிந்து வரும். ஊதுகாற்று அடிப்பதானால் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுமீறிச் சுற்றி பேரிங் கெட்டுப்போகலாம். செயலியின் வெப்பத்தைக் கடத்த அதன்மேல் பூசியுள்ள தெர்மல் பேஸ்ட்டும் வருடங்கள் போகப்போகக் காய்ந்தும் ஓரங்களுக்கு ஒதுங்கியும் விடுகிறது. வேலை தொடங்கிய அடுத்த நொடியே வெப்பநிலை 90ஐத் தொட்டால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

விசிறி கொஞ்சம் தணிந்தாலே காதுக்கு நிம்மதி கிடைக்கும். விசிறியின் இரைச்சல் சுழற்சி வேகத்தின் ஐந்தாம் மடியை ஒட்டி ஏறுகிறது என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. நிமிடத்துக்கு 5000 சுற்று 4000 ஆனால் காற்றோட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. சத்தமோ ஏறக்குறைய 5 டெசிபல் இறங்குகிறது. பாதி வேகத்தில் 15 டெசிபல்.

மின்னழுத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் அண்டர்வோல்டிங் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் தலைசிறந்த வழியாக இருந்தது. வேகம் குறையாமல் வெப்பம் குறையும். 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. மின்னழுத்தத்தைத் திட்டமிட்டு அசைத்து இன்டெல் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் பிழை உண்டாக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் வந்த பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்களில் பல லேப்டாப்களில் அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. உங்களுடையதில் இன்னும் திறந்திருந்தால் 50 மில்லிவோல்ட் குறைப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் போகலாம். அளவு மீறினால் லேப்டாப் உறைந்து நின்றுவிடும்.

விசிறி மெதுவாகச் சுற்றும்போதும் கரகரவென்ற உராய்வுச் சத்தம் வந்தால் எந்த அமைப்பும் உதவாது; பேரிங் தேய்ந்துவிட்டது. புதிய விசிறிதான் வாங்க வேண்டும். இடதும் வலதும் பெரும்பாலும் வேறு வேறு வடிவம் என்பதால், ஆர்டர் செய்வதற்கு முன் பழையதைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரிலுள்ள பாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.